கமீல் படங்களுக்குச் சிவப்புப் பொட்டு வைத்த விவகாரம்

ப்ரூஜ்,
நவம்பர் கடைசித் திங்கட்கிழமை, மழை.

அன்புள்ள இர்மா அக்காவுக்கு,

உன் தம்பி ஃபிர்மின் வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், கடல் காற்று இந்த வருஷமாவது உன் ஜன்னல் கண்ணாடிகளை விட்டுவைத்திருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நான் சுகம், கமீல் சுகமில்லை, ஊர் வழக்கம்போல நனைந்து கிடக்கிறது. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிட்டுக் கெட்டதைப் பிறகு சொல்வதுதான் மரியாதை. நல்ல செய்தி ஏதாவது உண்டா என்று காலையிலிருந்து தேடிப் பார்த்தேன். இல்லை. ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். நம் தம்பியின் கண்காட்சி நேற்று மாலையோடு முடிந்தது. ஒரு படமும் விற்கவில்லை. வியாழக்கிழமை மதிய ரயிலில் அவன் உன் வீட்டுக்கு வருகிறான்.

உட்கார்ந்துகொண்டு மேலே படி. நீ என்னைத் திட்டப்போவது தெரியும், திட்டுவதற்கு உனக்கு உரிமையும் உண்டு. ஆனால் ஆயுள் முழுக்க நீதிமன்றச் செய்தி எழுதியவன் நான். தீர்ப்புக்கு முன்னால் எதிரி தரப்பையும் கேட்பதுதான் முறை.

கமீல் செப்டம்பரில் நம் இருவருக்கும் சொன்னது உனக்கு நினைவிருக்கும். அறுபத்தாறு வயதாகிவிட்டது, கடைசியாக ஒரே ஒரு கண்காட்சி, அதில் முன்பின் தெரியாத ஓர் ஆள், சொந்தக்காரர் அல்ல, பரிதாபப்படுகிறவர் அல்ல, தெருவில் போகிற யாரோ ஒருவர், ஒரு படத்தை விரும்பி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டறையைக் காலி செய்துவிட்டு, தூரிகைகளைக் கால்வாயில் போட்டுவிட்டு, உன் கடலோர அறைக்கு வந்துவிடுவதாகச் சொன்னான். அன்று ராத்திரியே நீ என்னைத் தொலைபேசியில் பிடித்தாய். "ஃபிர்மின், அவன் எனக்குத் தம்பி, உயிரையே வெச்சிருக்கேன். ஆனா என் சூப்புப் பாத்திரத்துல மறுபடியும் அவன் பிரஷ் கழுவக் கூடாது. யாராவது ஒரு படத்தை வாங்கியாகணும். பாத்துக்கோ" என்றாய். நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். நீ சொல்லாமல் விட்டதும் எனக்குக் கேட்டது. மனைவி விட்டுப்போன வருஷம் அவன் உன்னிடம் இரண்டு மாதம் இருந்தபோது, கடல் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை என்று திரையை இழுத்து மூடிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தானே, அப்போதாவது வரைந்துகொண்டிருந்தான். வரையாத கமீலை நாம் இதுவரை பார்த்ததில்லை. பார்க்கவும் எனக்கு விருப்பமில்லை.

ஆகவே இரண்டு படங்களை மழைத்துணியில் சுற்றி என் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, நான் தள்ள அவன் பிடித்துக்கொண்டு வர, ஊரிலுள்ள ஓவியக்கூடங்களின் வாசல் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். பார்த்தவர்கள் யாரையோ அடக்கத்துக்குக் கொண்டுபோவதாக நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள். அவன் படங்கள் உனக்குத் தெரியும். எல்லாம் கால்வாய், எல்லாம் மழை. மணிக்கூண்டு கிடையாது, அன்னம் கிடையாது, படகு கிடையாது. வீடுகளின் பின்பக்கம், பாசி பிடித்த படிக்கட்டு, சாம்பல் நிறத் தண்ணீர். எனக்கு அவை பிடிக்கும் என்பது வேறு விஷயம். என்னிடம் சுவர் இல்லை, பழைய செய்தித்தாள்கள்தான் இருக்கின்றன. முதல் கூடத்துக்காரன், பாவம் சின்னப் பையன், நெடுநேரம் பார்த்துவிட்டு, இதை மாட்டினால் தன் சுவருக்கே ஓதம் ஏறிவிடும் என்றான். இரண்டாவது கூடத்தில் ஆளுயர இளஞ்சிவப்பு முயல்கள் மட்டும் நின்றன. கமீல் ஒரு முயலின் முன்னால் கைகட்டி நின்றுவிட்டு, "இதுவும் உள்ளுக்குள்ள சோகமாத்தான் இருக்குண்ணே" என்றான். மூன்றாவது கூடத்து அம்மாள் படத்தையே பார்க்கவில்லை, வயதைக் கேட்டாள். முப்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் வளரும் ஓவியர், செத்துப்போயிருந்தால் மறைந்த மேதை, இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களை என்ன சொல்லி விற்பது என்று என்னிடமே யோசனை கேட்டாள். 

பிறகு கைவினைக் கடைகள். திரைச்சீலை நெய்து விற்கிறவர், ஓரத்தில் ஒரு பூனையைப் போட்டுத் தந்தால் மெத்தை உறையில் நெய்து பார்க்கலாம் என்றார். சாக்லேட் கடைக்காரி நல்லவள். பெட்டி மூடிக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளத் தயார், ஆனால் தண்ணீரில் அன்னம் இருக்க வேண்டும் என்றாள். "அன்னமெல்லாம் மழைக்கு ஒதுங்கிடுச்சு மதாம்" என்றான் கமீல். அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவன் உண்மையாகவே அப்படித்தான் நினைத்து வரைந்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கடைசியில் இடம் கொடுத்தது மதாம் ஓடெட். புனித அன்னா பேட்டையில் லேஸ் கடை வைத்திருக்கிறாளே, ஜன்னலோரத்தில் திண்டை மடியில் வைத்துக்கொண்டு நூல்கட்டைகளை உருட்டிக்கொண்டே இருப்பாளே, அவள்தான். அவள் மடியில் இருக்கும் கைக்குட்டை, போன போப்பாண்டவர் காலத்தில் ஆரம்பித்தது. இந்த ஊருக்கு வந்துபோன பயணிகள் அத்தனை பேரின் கைபேசியிலும் அந்தக் கைக்குட்டை இருக்கிறது. கைக்குட்டைதான் இன்னும் முடியவில்லை. நவம்பரில் ஒரு ஈ காக்கை வராது, பின்னறை சும்மாதான் கிடக்கிறது, மாட்டிக்கொள்ளுங்கள் என்றாள். படங்களைப் பார்த்துவிட்டு, "மோசமில்லை" என்றும் சொன்னாள். நம் ஊர்க்காரர்கள் வாயில் அதற்கு மேல் வராது. கமீல் அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூங்கவில்லை.

திறப்பு நாளன்று கூட்டத்துக்குக் குறைவில்லை. ஒயின் தீர்ந்தது, சீஸ் தீர்ந்தது, கடுகுச் சாந்தைக்கூட வழித்துவிட்டார்கள். எல்லோரும் வரிசையாக "மோசமில்லை, மோசமில்லை" என்றார்கள். அத்தை மகள் மாரியெட் ஒரு படத்தை அரைமணி நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, சட்டத்தை மட்டும் தனியாகக் கொடுப்பீர்களா என்று கேட்டாள். ஆனால் முதல் ஆளாகக் கை நீட்டுகிறவன் நம் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் வாங்கினானா என்று தெரிந்த பிறகுதான் இங்கே சவப்பெட்டியே வாங்குவார்கள். கூட்டம் கலைந்ததும் ஓடெட் என்னை மேசைப் பக்கம் கூப்பிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். தாள் நிறையச் சிவப்புப் பொட்டுகள், படம் விற்றுவிட்டால் ஓரத்தில் ஒட்டுவது. "நிருபரே, இந்த ஊர்ல பொட்டு வைக்காத படத்தை எவனும் தொடமாட்டான். ஒண்ணே ஒண்ணு ஒட்டிப் பாருங்க. நமக்கு முன்னாடி எவனோ முந்திட்டான்னு தெரிஞ்சாத்தான் கை பாக்கெட்டுக்குள்ள போகும். எல்லாக் கூடத்துலயும் நடக்குறதுதான்" என்றாள். எத்தனையோ மோசடி வழக்குகளை வரி வரியாக எழுதியிருக்கிறேன். இருந்தும் அந்தப் பொட்டை ஓரம் பார்த்து, கோணாமல் ஒட்டினேன்.

மறுநாள் காலையில் கமீல் வந்தான். அந்தப் பொட்டைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, ஏதோ தேவாலயத்தில் நிற்பதுபோல நின்றான். பிறகு, யார் என்று கேட்டான். கெண்ட் நகரத்து வக்கீல் ஒருவர் என்றேன். அங்கேதான் அக்கா சனியன் பிடித்தது. விற்ற படத்தை வரைந்தவனே கொண்டுபோய் மாட்டி, அந்த வீட்டில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு வருவது இந்த ஊர் ஓவியர்களின் வழக்கம் என்பதை நான் மறந்துவிட்டேன். வக்கீல் வீட்டில் எந்தச் சுவர், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, சுவர் செங்கல்லா பலகையா என்று கேட்டுவிட்டு, சுத்தியலும் மட்டப்பலகையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டான். வக்கீலை உடனே ஒரு நீண்ட கப்பல் பயணத்துக்கு அனுப்பிவைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவன், ஒன்று விற்றது தற்செயலாக இருக்கலாம் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அதனால் ஓடெட் பார்க்காத நேரத்தில் இன்னொரு பொட்டு. அது கால்நடை மருத்துவர். பிறகு மூன்றாவது, அது டாமே ஊரில் ஒரு விதவை. விதவையைப் போட்டது என் தப்பு. அவன் முடி வெட்டிக்கொண்டான், புதுச் சட்டை வாங்கினான், அந்த அம்மாள் தனியாகவா இருக்கிறாள், அவளுக்கு மழை பிடிக்குமா என்று கேட்க ஆரம்பித்தான். நான் அவசர அவசரமாக அவளுக்கு ஒரு மறுமணம் செய்துவைக்க வேண்டியதாயிற்று. வேலையில் இருந்த அத்தனை வருஷத்தில் இல்லாத ஆள் ஒருவரைக்கூட நான் எழுதியதில்லை அக்கா. ஒரே வாரத்தில் மூன்று பேரைப் படைத்து, ஒருவரைக் கப்பலேற்றி, ஒருத்திக்குக் கல்யாணமும் பண்ணிவைத்தேன்.

இரண்டாவது வாரம் போய்ப் பார்த்தால் ஏழு பொட்டு. நான் வைத்தது மூன்று. மீதி நான்கும் நிஜம் என்று நினைத்தேன். யோசனை பலித்துவிட்டது, ஓடெட் கெட்டிக்காரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அவளும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். மூன்றாவது வாரக் கடைசியில், மாட்டியிருந்த பதினொரு படங்களிலும் பொட்டு இருந்தது. உனக்குத் தொலைபேசியில் சொல்லலாம் என்று எடுத்தேன், எடுத்துவிட்டு, எல்லாம் முடியட்டும், நேரில் வந்து சொல்லி உன் முகத்தைப் பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். எவ்வளவு நல்லதாகப் போயிற்று பார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, கடைசி நாள், கடை மூடும் நேரம். ஓடெட் விளக்கை அணைக்கப் போகிறாள், கமீல் படங்களைச் சுற்றத் துணி மடிக்கிறான், நான் நாற்காலியில் இருக்கிறேன். ஒருவர் குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். டாக்டர் லாம்ப்ரெக்ட், பல் மருத்துவர், உன் ஒஸ்டெண்ட் ஊர்க்காரர்தான். உனக்குத் தெரிந்திருந்தாலும் இருக்கும். படங்களை ஏறிட்டுப் பார்ப்பதற்கு முன்பே, கமீல் அவர்களின் படங்கள் இவைதானே என்று கேட்டார். அவ்வளவு ஆர்வம். ஒரு சுற்றுச் சுற்றினார், கையில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார், பிறகு நேராகக் கமீலிடமே வந்தார்.

"என் கிளினிக்ல வர்றவங்க உக்கார்ற அறைக்கு ஒண்ணு வேணும். பெருசா இருந்தா நல்லது" என்றார். "எது மிச்சமிருக்கு?"

அக்கா, அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். என் மூன்று பொட்டும் பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் கமீலை வைத்துக்கொண்டு, வக்கீலும் இல்லை, விதவையும் இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? ஓடெட்டைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். கமீலைப் பார்த்தேன், அவன் தரையைப் பார்த்தான். யாராவது ஒருவர், இதோ இந்தப் படம் உங்களுக்குத்தான் டாக்டர் என்று சொல்லிவிட்டால் போதும்.

"எல்லாம் போயிடுச்சு" என்றான் கமீல்.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"ஒண்ணுகூட இல்ல" என்றாள் ஓடெட். நானும் தலையாட்டினேன். சாட்சிகளைப் பார்த்தே பழகிய தலை.

டாக்டர் பெருமூச்சு விட்டார். அவ்வளவு நீளமான ஏமாற்றப் பெருமூச்சை நான் தீர்ப்பு நாட்களில்கூடக் கேட்டதில்லை. யாராவது பின்வாங்கினால் சொல்லச் சொல்லித் தன் அட்டையை மேசையில் வைத்துவிட்டு, நல்ல படங்கள், வாழ்த்துகள் என்று கமீலின் கையைக் குலுக்கிவிட்டு, வேகமாகப் போய்விட்டார்.

கதவு மூடியதும் நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். ஓடெட், உன்னிடம் வாங்கிய எட்டுப் பேரில் எவராவது விட்டுக்கொடுப்பார்களா என்றேன். அவள் நூல்கட்டைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெட்கப்பட்டால் அவள் அப்படித்தான். "நான் ஒட்டினது நாலுதான், நாலும் சும்மா ஒட்டினது நிருபரே. உங்க ஒத்தைப் பொட்டைப் பாத்து ரெண்டு நிஜமாவே வித்துடுச்சேன்னு, இன்னும் நாலு சேத்தா கூட்டம் வரும்னு ஒட்டினேன்" என்றாள். என் மூன்றும் பொய் என்று நான் சொன்னேன். வக்கீல், மருத்துவர், விதவை, விதவையின் புதுக் கணவர் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு நாங்கள் இருவரும் கடைசி நான்கை நினைத்துக்கொண்டு கமீல் பக்கம் திரும்பினோம். 

"அது நான்தான்" என்றான். "ஏழு போயிடுச்சு. இப்படியே போனா எனக்குன்னு ஒண்ணும் மிஞ்சாதுன்னு பயந்துட்டேன். இந்த நாலையும் குடுக்க மனசு வரலண்ணே."

நான் ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்று எழுந்தேன். அவன் என் கோட்டைப் பிடித்து நிறுத்தினான். என்னவென்று சொல்லுவாய், பொட்டெல்லாம் நாங்களே வைத்துக்கொண்டது என்றா என்று கேட்டான். "அப்போ இத்தனை நாளும் ஒரு ஆளுக்குக்கூட வேண்டியிருக்கல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பதினொரு பொட்டையும் ஒவ்வொன்றாக நகத்தால் உரித்தான். எங்கே போடுவது என்று தெரியாமல் தன் கோட்டுக் கையிலேயே ஒட்டிக்கொண்டான். அப்படியே மழையில் நடந்துபோனான், கைக்கு மட்டும் அம்மை போட்டவன் மாதிரி. நான் குடையோடு பின்னால் போனேன். அவன் குடைக்குள் வரவில்லை. பட்டறை வாசலில் நின்று, வியாழக்கிழமை ரயில், அக்காவுக்கு எழுதிவிடு என்று மட்டும் சொன்னான்.

எழுதிவிட்டேன். இனி நீதான் தாயே பொறுத்துக்கொள்ள வேண்டும். என் வீட்டில் மாடி அறை இருக்கிறதே என்று நீ கேட்பாய். அங்கே கணப்பு கிடையாது, நாற்பது வருஷத்துச் செய்தித்தாள் இருக்கிறது, ஒரு மனிதனை வைக்கிற இடமில்லை அது. சூப்புப் பாத்திரத்தை ஒளித்து வை. கடல் பக்கத்து ஜன்னலுக்கு நீயே தடித்த திரை போட்டுவிடு. அவன் போட்டால் சுவரில் ஆணி அடிப்பான். சாப்பாட்டில் அவனுக்கு எந்தக் குறையும் தோன்றாது, மத்தி மீன் குழம்பைத் தவிர. குறட்டை விடமாட்டான், மல்லாந்து படுக்காத வரைக்கும். வரைவதைப் பற்றி மட்டும் பேச்செடுக்காதே. அவனாகப் பேசினால் சரி. பேசுவானா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஓடெட் தன் விசாரிப்புகளைச் சொல்லச் சொன்னாள். கைக்குட்டை முடிந்தால் அது உனக்குத்தானாம். நாம் இருவரும் இருக்கும்வரை அந்தச் சந்தர்ப்பம் வராது. நம்மைப் பெற்றவர்கள் மேலிருந்து நம் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்; அவர்களும் வெட்கத்தில் திரையை மூடியிருக்க மாட்டார்கள் என்று நம்புவோம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தம்பி,
ஃபிர்மின்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் ஒன்று தோன்றியது. ஓடெட்டிடமிருந்து அட்டையை வாங்கி, அந்தப் பல் மருத்துவருக்குத் தொலைபேசி செய்து, படங்கள் காலியாகத்தான் இருக்கின்றன, பதினொன்றும் உங்களுக்குத்தான் என்று சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ கருவியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர், இர்மா அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், அவர் சொல்லி அனுப்பியபடி நான் போய்க் கேட்டுவிட்டேன், எல்லாம் விற்றுப்போனதாகச் சொன்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா, காத்திருக்கும் அறையில் என் நோயாளிகள் ஏற்கெனவே பயந்துபோய்த்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். அக்கா, அக்கா. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்தப் பெருமூச்சை நான் ஏமாற்றம் என்று எழுதினேன். மேலே திருத்தவில்லை. நீயே திருத்திப் படித்துக்கொள்.

ஆனால் இதை நீ செத்தாலும் கமீலிடம் சொல்லக் கூடாது. ஏனென்றால் நான் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால் அவன் வாசலில் நிற்கிறான், பெட்டி படுக்கையோடு, கையில் இன்னும் அந்தப் பொட்டுகளோடு. ராத்திரி முழுக்க யோசித்தானாம். பொட்டுகள்தான் பொய், டாக்டர் பொய் இல்லையே என்றான். "மழையில அவ்வளவு தூரம் வந்தார்ண்ணே. கிடைக்கலேன்னதும் எப்படிப் பெருமூச்சு விட்டார், பாத்தேல்ல? வித்திருந்தாக்கூட எனக்கு இவ்வளவு நிறைவா இருந்திருக்காது." ஆகவே அவன் உன்னிடம் வரவில்லை. பட்டறையைக் காலி செய்வதாக அதன் சொந்தக்காரரிடம் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டதால் என் மாடி அறையில் இருக்கிறான். என் செய்தித்தாள்கள் படியில் இருக்கின்றன. இந்த வரியை எழுதும்போதே டர்பன்டைன் வாடை இறங்கி வருகிறது. விசிலும் அடிக்கிறான். டாக்டருக்காகவென்று புதிதாக ஒரு படம் தொடங்கிவிட்டான், மேசை அளவு பெரியது, மழை. முடிந்ததும் தானே ஒஸ்டெண்டுக்குக் கொண்டுவந்து மாட்டுவானாம். காய்வதற்கும், சரியான சுவரைப் பார்ப்பதற்கும் ஒரு வாரம் பிடிக்கலாம், அதுவரை அக்காவின் கடலோர அறை காலியாகத்தானே இருக்கிறது என்று கேட்கச் சொன்னான். சுத்தியலும் மட்டப்பலகையும் பையிலேயே இருக்கின்றன. உன் பல்லில் ஏதாவது கோளாறு இருந்தால் நாளைக்கே போய்க் காட்டு. அப்படியே அந்த மனுஷரிடம் பேசி, ஒரு சுவரைக் காலி செய்து வைக்கச் சொல்.